நாற்பத்தெட்டு மார்க்கு எடுத்தவன் மேலே படிக்கக் கூடாதா?

பி.ஏ. தேறியாகிவிட்டது, ஆனால் மார்க்கு 48 சதவிகிதம்தான். இரண்டு அரியர் வைத்து எழுதித் தேறியது வேறு. எம்.ஏ., ஆராய்ச்சி என்ற பேச்சே வேண்டாம், மில்லில் ஒரு வேலையைப் பார் என்று பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறார்கள். தொழிலாளர் வீடுகளில் இது சர்வசாதாரணம். நாம் இதை ஒப்புக்கொள்ள முடியாது.

அந்த 48 எப்படி வந்தது? ஸ்பின்னிங்கில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுக் காலையில் வகுப்புக்குப் போன பையன் எடுத்த மார்க்கு அது. நடவு நாட்களில் தாயோடு வயலில் இறங்கிய பெண் எடுத்தது. பள்ளி முழுதும் தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் முதல் வருஷமே ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கு நின்றவர்கள் எடுத்தது. டியூஷன் வைத்து, வேளைக்குச் சாப்பிட்டு 80 வாங்கியவனோடு இவர்களை ஒரே தராசில் நிறுப்பது என்ன நியாயம்?

விதி என்ன சொல்கிறது? பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் கொண்டுவந்த பிஎச்.டி. விதிகளைப் பாருங்கள். நான்கு வருஷப் பட்டத்தோடு நேரே ஆராய்ச்சிக்குப் போக 75 சதவிகிதம் வேண்டும். வசதியுள்ளவர்களின் வாசல் அது! மூன்று வருஷப் பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருஷ எம்.ஏ. படித்து வருகிறவர்களிடம் கேட்பது எம்.ஏ.வில் 55. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோருக்கு 50. பி.ஏ.வில் எவ்வளவு என்று அந்த விதி கேட்கவே இல்லை. எம்.ஏ.வுக்கே பல கல்லூரிகள் மார்க்கு வரம்பு வைத்திருப்பது உண்மைதான். ஆனால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. படிப்புகள் பலவற்றில் சேர ஒரு பட்டம் இருந்தால் போதும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

அதன்பிறகு நெட் தேர்வு. இங்கேதான் வயிற்றெரிச்சல். மொழிப் பாடங்கள் நீங்கலாக வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழில் ஏன் இல்லை? விடாமல் கேட்க வேண்டும். 2016-ல், நுழைவுத் தேர்வில் தேறினால் போதும், இடத்தைப் பேட்டி மார்க்கை வைத்தே தீர்மானிப்போம் என்று விதி போட்டார்கள். சரளமான ஆங்கிலம் பேசுகிறவன் ஜெயிப்பான், நம் பிள்ளை வாயடைத்து நிற்பான்! டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். 2018-ல் தேர்வுக்கு 70, பேட்டிக்கு 30 என்று திருத்த வேண்டியதாயிற்று.

இன்னொரு விஷயம். பிற்பட்டோருக்கான அந்த 5 சதவிகிதச் சலுகைக்கு வீட்டில் இருக்கும் பி.சி. சர்ட்டிபிகேட் செல்லாது. மத்திய அரசு பாரத்தில் ஓ.பி.சி. சர்ட்டிபிகேட் தனியாக வாங்க வேண்டும். கடைசித் தேதி வரை காத்திராமல் இப்போதே தாலுகா ஆபீசுக்கு மனுப் போட்டுவிடுங்கள்.