யார் தேர்ந்தெடுத்த பாட்டு?

2023 மார்ச் 13ஆம் தேதி, திங்கட்கிழமை காலை. ‘நாட்டு நாட்டு’ என்ற தெலுங்குப் பாட்டுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்த சேதி அமெரிக்காவிலிருந்து வந்தபோது மௌலா அலியில் வேலைக்குப் புறப்படும் நேரம். டீசல் ஷெட்டுக்குப் போகும் தொழிலாளியும், செகந்திராபாத் ஆபீசுக்குப் பஸ் பிடிக்கும் குமாஸ்தாவும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு போயிருப்பார்கள். இந்தியப் படம் ஒன்றின் பாட்டுக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. 2009இல் ஏ.ஆர். ரஹ்மானும் குல்சாரும் பரிசு பெற்ற பாட்டு பிரிட்டிஷ் தயாரிப்பான ஒரு படத்தில் வந்தது. ‘நாட்டு நாட்டு’க்கு இசையமைத்த கீரவாணியும் தமிழருக்கு அந்நியரல்லர், ‘அழகன்’ படத்துக்கு இசையமைத்த மரகதமணிதான் அவர். பாட்டை எழுதிய சந்திரபோஸ் வாரங்கல் பக்கத்துக்காரர். பாடிய இருவரில் ராகுல் சிப்லிகஞ்ச் ஹைதராபாத்துக்காரர்.

இத்தனை கொண்டாட்டத்துக்கும் நடுவே ஒரு விஷயம் மறக்கப்பட்டுவிட்டது. அந்தப் பாட்டை இந்தியா அனுப்பவில்லை.

ஆஸ்காருக்கு இந்தியாவின் சார்பில் போகவேண்டிய படத்தைத் தேர்ந்தெடுப்பது இந்தியத் திரைப்பட சம்மேளனம். 2022 செப்டம்பரில் அதன் குழு ‘செல்லோ ஷோ’ என்ற குஜராத்திப் படத்தைத் தேர்ந்தெடுத்தது. ‘ஆர்.ஆர்.ஆர்.’ விடப்பட்டதில் ஹைதராபாத்தில் பலருக்கு மனத்தாங்கல். ஆனால் குழுவினரை விவரமறியாதவர்கள் என்று தள்ளிவிடுவதற்கில்லை. அந்தக் குஜராத்திப் படம் பல நாட்டுப் படங்களோடு போட்டியிட்டு, கடைசிப் பதினைந்துக்குள் வந்தது. தெலுங்கர்களின் குறையிலும் நியாயம் உண்டு. ‘தெய்வமகன்’ 1969இல் போனது முதல் ‘நாயகன்’, ‘தேவர் மகன்’, ‘இந்தியன்’, ‘விசாரணை’ என்று தமிழ்ப் படங்கள் பல தடவை அனுப்பப்பட்டிருக்கின்றன. தெலுங்குக்கு 2025 வரை கிடைத்தது ஒரே வாய்ப்பு: 1986இல் ‘சுவாதி முத்யம்’. அதன் கதாநாயகனும் கமல்ஹாசன்தான்! இவ்விஷயத்தில் அண்டை வீட்டாரின் புகாரைத் தமிழர் காதுகொடுத்துக் கேட்பதே முறை.

நாட்டின் சிபாரிசு வேண்டியது அயல்மொழிப் படப் பிரிவுக்கு மட்டும். பாட்டுப் பிரிவுக்கு அது வேண்டியதில்லை. படத்தை எடுத்தவர்களே மனுப்போடலாம். இசைப் பிரிவு உறுப்பினர்கள் பதினைந்து பாட்டுகளைப் பொறுக்கி, பிறகு ஐந்தாகக் குறைப்பார்கள். கடைசி வாக்கு உறுப்பினர் அனைவருக்கும். ‘நாட்டு நாட்டு’ இந்த வழியாகவே போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் தேர்வுக்குழுவே எதற்கு, திறந்த வாசல் போதுமே என்று கேட்பார்கள். வாசல் திறந்திருக்கிறது, ஆனால் அங்கே போய்ச் சேர வண்டிச் சத்தம் வேண்டும். அமெரிக்காவில் படத்தைத் திரையிட வேண்டும், மாதக்கணக்கில் விளம்பரம் செய்ய வேண்டும், வாக்குள்ளவர்களின் கண்ணில் படவேண்டும். ‘ஆர்.ஆர்.ஆர்.’ போன்ற பெரிய படத்துக்கு அது இயலும். வறண்ட பூமியில் ஒரு தகப்பனும் மகனும் வெயிலில் நடப்பதைக் காட்டிய ‘கூழாங்கல்’ படத்துக்கு இயலுமா? 2021இல் அதை இந்தியாவின் படமாக அனுப்பியது இதே தேர்வு முறைதான். பணமில்லாத கலைக்கு நாடு துணை நிற்கவேண்டுமானால், தேர்வு என்று ஒன்று இருந்தே ஆகவேண்டும். படத்துக்குள்ள அந்த ஏற்பாடு பாட்டுக்கு இல்லை.

ஐரோப்பாவில் 1956 முதல் ஒரு பாட்டுப் போட்டி நடக்கிறது. ஒவ்வொரு நாட்டின் ஒலிபரப்பு நிறுவனமும் ஒரு பாட்டை அனுப்பும். சுவீடனில் அதைப் பல வாரம் போட்டி வைத்து, ஜனங்களின் வாக்கையும் சேர்த்தே முடிவு செய்கிறார்கள். ஊரறியத் தேர்வு நடப்பதால், தோற்றவருக்கும் எங்கே தோற்றோம் என்று தெரிகிறது.

அதைவிடக் கவனிக்கவேண்டியது மொழி. சுவிட்சர்லாந்தில் ரோமான்ஷ் பேசுவோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1989இல் அந்நாடு அனுப்பியது அந்த மொழிப் பாட்டு. பிரான்ஸ் 1996இல் பிரெத்தோன் மொழியில் ஒரு பாட்டை அனுப்பியது. 2016இல் உக்ரைன் அனுப்பிய பாட்டின் ஒரு பகுதி கிரைமியத் தாத்தாரியர்களின் மொழியில் இருந்தது, பரிசும் அதற்கே. சின்ன மொழியில் பாடியதால் நாட்டின் பெயர் சின்னதாகிவிடவில்லை.

இந்தியாவில் தேசத்துக்கு ஒரு பாட்டு என்றால், எல்லா மொழியையும் ஒரே இலையில் பரிமாறும் வழக்கம் உண்டு. 1988இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ‘மிலே சுர்’ நல்ல பாட்டுதான். பாலமுரளிகிருஷ்ணாவின் தமிழ்க் குரலும் அதில் உண்டு. ஆனால் ஆளுக்கு ஒரு கவளம், அவ்வளவே. ஒரு மொழி முழுப்பாட்டும் பாடட்டும், மற்ற மொழிக்காரர் அதைத் தம்முடையதாக ஏற்கட்டும் என்ற துணிவு வரவில்லை. மௌலா அலி மலையடிவாரத்தில் உருதுக் கவியும் பாடகியுமான மாஹ் லகா பாய் சந்தாவின் சமாதி இருக்கிறது. சுற்றிலும் தெலுங்கு, ரயில்வே குடியிருப்புகளில் தமிழும் உண்டு. இந்த ஒரு பேட்டையிலேயே ஒரு மொழிதான் என்று கட்டளையிட முடியாதபோது, தேசத்துக்கு எப்படி முடியும்?

ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு நிறுவனங்களின் சங்கத்தில் பிரசார் பாரதியும் உறுப்பினர். அச்சங்கம் 2012இல் சியோலில் பாட்டு விழாக்களைத் தொடங்கியது. அத்தகைய மேடைகளுக்குப் பாட்டு அனுப்ப, வானொலி நிலையங்கள் மூலம் பகிரங்கமாகப் பாட்டுகளைக் கேட்கலாம். ஆண்டுக்கு ஒரு மொழி என்று முறை வைக்கலாம். நடுவர்களின் பெயரையும், பரிசீலித்த பாட்டுகளின் பட்டியலையும் வெளியிடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஐரோப்பியப் போட்டியின் இன்னொரு விதியையும் எடுத்துக்கொள்ளலாம். தன் நாட்டுப் பாட்டுக்குத் தானே வாக்களிக்கக்கூடாது என்பது அது. இங்கே அதை மொழிக்கு வைத்தால், தெலுங்குப் பாட்டைத் தெலுங்கரல்லாதவர்தான் நிறுக்கவேண்டும். அதற்கு அம்மொழி தெரிந்தவர் வேண்டுமே! வீட்டில் தமிழும், ஷெட்டிலும் சந்தையிலும் தெலுங்கும் பேசிப் பிழைக்கும் மௌலா அலித் தமிழருக்கும், சென்னையில் வாழும் தெலுங்கருக்கும் அந்த நடுவர் குழுவில் இடம் ஒதுக்கவேண்டும்.