பொறித் துப்பாக்கிப் புண்ணியவான்கள்

ஒரு கவுதாரியைச் சுட ஆண்டுக்கு நூறு பவுன் வருமானம் தரும் சொந்த நிலம் வேண்டும். நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கவோ இரண்டு பவுன் நிலமே போதும்! கட்டுக்கதையன்று, தோழர்களே! 1671-இல் இங்கிலாந்து இயற்றிய வேட்டைச் சட்டத்தின் இலட்சணம் இது. வாக்குரிமையைவிடக் கவுதாரி ஐம்பது மடங்கு உயர்ந்ததோ என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் கலகக்காரர் அல்லர். சட்ட மேதை பிளாக்ஸ்டனே!

பிரபு வேட்டைக்குப் புறப்படுவார். குதிரைகள் பயிரை மிதிக்கும். நாய்கள் வேலியைத் தாண்டும். அது விளையாட்டு! பசித்த கூலிக்காரன் இருட்டில் ஒரு முயலைப் பிடிப்பான். அது குற்றம்! முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் வேட்டையாடியோரை ஒடுக்க 1723-இல் பிறந்தது கறுப்புச் சட்டம். ஏறத்தாழ ஐம்பது குற்றங்களுக்குத் தூக்குக் கயிற்றைப் பரிசளித்தது. 1828-ஆம் ஆண்டுச் சட்டமோ, இரவு வேட்டையில் மூன்றாம் முறை அகப்பட்டவனை ஏழாண்டு கடல் கடத்த வழி செய்தது. தன் பயிரைத் தின்னும் முயலைக் கொல்லும் உரிமையை, எவரும் பறிக்கவொண்ணாதபடி, குத்தகை உழவன் பெற்றது 1880-இல்தான்.

சட்டத்தின் கயிறு போதாதென்று சீமான்கள் தம் தோப்புகளில் பொறித் துப்பாக்கி வைத்தனர். சுழலும் அச்சின்மேல் ஒரு துப்பாக்கி; அதன் விசையிலிருந்து நாற்புறமும் புல்லுக்குள் ஓடும் மெல்லிய கம்பிகள். எவன் கால் எந்தக் கம்பியில் தடுக்கினாலும் துப்பாக்கி அந்தப் பக்கம் திரும்பிச் சுடும். வந்தவன் திருடனா, வழி தவறியவனா, பூப்பறிக்க வந்த குழந்தையா என்று அது கேளாது. வைத்தவரோ அந்நேரம் மாளிகையில் விருந்துண்டு கொண்டிருப்பார். கையிலே இரத்தக் கறை இல்லை, ஆகவே கனவான்!

1820-இல் ஒருவன் நீதிமன்றம் ஏறினான். காட்டிலே கொட்டை பொறுக்கச் சென்று குண்டடிபட்டவன் அவன். எச்சரிக்கைப் பலகை இருந்தது, அதை நீ அறிவாய், ஆகவே இழப்பீடு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொருவன் பத்தொன்பது வயது இளைஞன். பக்கத்து வீட்டாரின் பெண்மயில் ஒன்று தோட்டத்துக்குள் புகுந்துவிட, பிடித்துத் தருகிறேன் என்று சுவரேறிக் குதித்தான். முழங்காலில் பாய்ந்தது குண்டு. அந்தத் தோட்டக்காரர் பலகையே வைக்கவில்லை. ஏன் தெரியுமா? வைத்தால் திருடன் அகப்படமாட்டானாம்! 1828-இல் அந்த இளைஞன் வென்றான். அதற்குமுன், 1827-இலேயே, பொறித் துப்பாக்கியை நாடாளுமன்றம் தடை செய்திருந்தது. எனினும் இரவில் வீட்டுக்குள் வைக்க மட்டும் விலக்களித்தது.

'அது வெள்ளைக்காரப் பிரபுவின் கதை, நமக்கென்ன?' என்பீர்களா?

1959, பீகார். அடுத்த வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்ததால், அவ்வீட்டார் இவருடைய கழிப்பறைக்கு வந்து போயினர். வேண்டாம் என்று இவர் சொல்லிப் பார்த்தார், அவர்கள் கேட்கவில்லை. உடனே வழியில் மின்சாரம் பாயும் வெற்றுக் கம்பியைப் பொருத்தினார். ஒரு பெண் மாண்டாள். மலம் கழிக்கச் சென்றதற்கு மரண தண்டனை! 1963-இல் உச்சநீதிமன்றம் அவர் குற்றவாளியே என்று உறுதி செய்தது. அத்துமீறி நுழைந்தவன் ஓநாய்த் தலை சுமந்தவன் அல்லன் என்று அது சொன்னது. பண்டை ஐரோப்பாவில், சட்டத்துக்குப் புறம்பாக்கப்பட்டவனை ஓநாயைப்போல் எவரும் கொல்லலாம். அந்த வழக்கத்தின் பெயர் அது.

இங்கே ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஐந்து ஏக்கர் கடலை போட்டவன் பிரபு அல்லன். இரவெல்லாம் பன்றி கிளறுகிறது, அதைத் தேடி நாட்டுத் துப்பாக்கியுடன் வரும் கும்பல் வேலியை அறுத்துப் பாத்தியை மிதிக்கிறது, கேட்டால் மிரட்டுகிறது. அவன் வயிற்றெரிச்சல் நியாயமானது. அவன் பக்கம் சட்டமும் உண்டு: அத்துமீறல் குற்றம், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி திருட்டு வேட்டையும் குற்றம், சொந்த நிலத்தில் நடந்தாலுமே. பலகை வைக்கட்டும், பரண் போட்டுக் காவலிருக்கட்டும், காவல் நிலையத்துக்கும் வனத்துறைக்கும் ஊராரைக் கூட்டிச் செல்லட்டும். ஒருவன் போனால் மனுவை மடித்து வைப்பார்கள்; ஐம்பது பேர் போனால் எழுந்து நிற்பார்கள்! ஆனால் வரப்பு மிதித்தான் என்பதற்காக உயிரைப் பறிக்கும் உரிமையைப் பழைய தண்டனைச் சட்டமும் தரவில்லை; 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நியாய சன்ஹிதாவும் தரவில்லை.

அவன் செய்வதென்ன? மின்கம்பத்திலிருந்து கொக்கி போட்டு வேலிக்குத் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிறான். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அத்தகைய வேலியில் மூன்று யானைகள் மடிந்தன. காப்புக்காடுகளை ஒட்டிய மின்வேலிகள் பதிவு செய்யப்பட வேண்டுமெனத் தமிழக அரசு அவ்வாண்டே விதிகள் வகுத்தது. யானை செத்தால் ஊர் கூடுகிறது, செய்தி பரவுகிறது. விடியலில் மடை திறக்கச் சென்ற கூலியாள் கருகிக் கிடந்தால்? 'விதி முடிந்தது, பாவம்' என்கிறார்கள்! விதியா கம்பத்தில் ஏறிற்று? விதியா கொக்கி மாட்டிற்று? பொறித் துப்பாக்கியாவது ஒரு முறை சுட்டு ஓயும்; இந்தக் கம்பியோ, காப்பாற்றத் தொட்டவனையும் சேர்த்துக் கொல்லும்.

படிப்பகத்தில் கூடும் இளைஞர்களே! அந்தக் கொக்கியை மாட்டியவர் யாரோ அல்லர். உங்கள் பெரியப்பாவாக இருக்கலாம், மாமனாக இருக்கலாம். இன்று மாலை அவரிடம் போய்ப் பேசுங்கள். கேளாவிட்டால் மின்வாரிய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், இருட்டுவதற்கு முன்.