கோப்பில் ஏறாத அனுபவம்

பழைய திட்டக் கோப்புகளைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துவிட்டால் பட்ட அனுபவம் வீண்போகாது என்கிறார்கள். திருகோணமலையின் உப்புவெளிக் கரையில் அந்த வாதம் நிற்காது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கை அரசு கரையோரத்தில் வீடு கட்டத் தடை வலயம் அறிவித்தது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200. மீனவர் வீடு அவ்வளவு தள்ளிப்போனால் இரவில் வள்ளத்துக்கும் வலைக்கும் யார் காவல்? எதிர்ப்பு எழுந்தது, வலயம் பின்னர் தளர்ந்தது. தூரம் கோப்பில் பதிவாகும். வலயம் ஏன் தளர்ந்தது என்பது கரையோர மக்களின் வாயில்தான் இருக்கிறது.

ஆயிரம் அறிக்கைகளை நொடியில் படிக்கும் கருவி உதவாதா என்று கேட்கலாம். செலவையும் தாமதத்தையும் கணிக்க நிச்சயம் உதவும். ஆனால் தமிழில் எழுதப்பட்ட மனுக்களையும் சங்கக் கூட்டக் குறிப்புகளையும் முதலில் அதில் சேர்த்துவிடுங்கள். அதுவரை கிழக்கின் எந்தக் கரைத் திட்டத்தையும் அதை நம்பி வரையக் கூடாது.