மாடியை எண்ணாதீர்கள், காசைக் கேளுங்கள்!

உங்கள் ஏரியா மெயின் ரோட்டில் பழைய கல்யாண மண்டபம் ஒன்று இருந்திருக்கும். இல்லாவிட்டால் ஒரு மரவாடி. அதுவும் இல்லாவிட்டால் ஆறு கிரவுண்டில், மாமரத்தோடு ஒரு பெரிய வீடு. ஒரு நாள் காலையில் பார்த்தால் சுற்றிலும் தகரம் அடித்திருக்கிறார்கள். தகரத்தின் மேல், நீச்சல் குளத்து ஓரமாக ஒரு குடும்பம் சிரிக்கிறது. பக்கத்தில் 'ஸ்டில்ட் + 5' என்று கொட்டை எழுத்து. இரண்டாம் நாள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் அவசரக் கூட்டம். மூன்றாம் நாள் கையெழுத்து வேட்டை. 'எங்கள் பகுதியின் அமைதியைக் குலைக்கும் அடுக்குமாடியை அனுமதிக்காதே!'

மடிப்பாக்கம், சேலையூர், போரூர், அம்பத்தூர்... சென்னையின் எந்தப் புறநகருக்குப் போனாலும் இதே காட்சிதான். அந்த மனு இன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? ஒரு நிமிஷம் பேனாவை மூடி வையுங்கள். மனுவில் இருக்கும் கோபம் நியாயமானது. ஆனால், அட்ரஸ்தான் தப்பு.

முதலில் ஒரு சின்ன விளக்கம். திடீரென்று எங்கே பார்த்தாலும் ஐந்து மாடி முளைக்கிறதே, எப்படி? 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. அதுவரை நாலு தளத்தைத் தாண்டினாலே 'பலமாடிக் கட்டடம்' என்று தனி நடைமுறை, தனி அலைச்சல். புது விதியில் 18.30 மீட்டர் உயரம் வரை சாதாரணக் கட்டடம்தான். அதே கையோடு தளப்பரப்புக் குறியீட்டை 1.5-லிருந்து 2 ஆக்கினார்கள். அதாவது ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி மனையில் முன்பு 3,600 சதுர அடி கட்டலாம். இப்போது 4,800. பில்டர் கணக்குப் போட்டார். கார் நிறுத்த ஸ்டில்ட், அதற்கு மேல் ஐந்து. அவ்வளவுதான் ரகசியம்.

சரி, மனுவுக்கு வருவோம். முதல் குற்றச்சாட்டு தண்ணீர். 'இருக்கிற நமக்கே தண்ணி இல்ல, இதுல இன்னும் 25 குடும்பமா?' கேட்கவேண்டிய கேள்விதான். கணக்குப் போடுவோம். வீட்டுக்கு நாலு பேர், 25 வீடு, மொத்தம் 100 பேர். நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு திட்டமிடும்போது எடுத்துக்கொள்ளும் அளவு. மொத்தம் 13,500 லிட்டர். ஒரு பெரிய டேங்கர் லாரிக்கு மேல். அதில் முக்கால்வாசிக்கு மேல் கழிவுநீராகத் திரும்பி வரும். தினமும்!

பயமாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்த 100 பேரும் உங்கள் மெயின் ரோட்டுக்கு வராமல் போனால் குடிக்காமலா, குளிக்காமலா இருக்கப் போகிறார்கள்? வேறு எங்காவது இதே தண்ணீரைத்தான் செலவழிப்பார்கள். இங்கே வந்தால் ஆறு கிரவுண்டு, ஒரே ஒரு இணைப்பு. தனித்தனி வீடாகப் போனால் 25 கிரவுண்டு, அதற்குத் தெரு, தெருவுக்குக் குழாய், குழாயோடு சாக்கடை, கம்பம், விளக்கு. அந்த 25 கிரவுண்டு எங்கே இருக்கிறது? எங்காவது ஒரு ஏரியின் மடியில்தான்.

சென்னையின் சரித்திரமே அதுதானே. 1920-களில் லாங் டேங்க் என்ற பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவானது. முகப்பேரில் ஒரு பகுதிக்கு 'ஏரி ஸ்கீம்' என்றே பெயர். எதன் மேல் கட்டினோம் என்பதை மறைக்கக்கூட இல்லை, அவ்வளவு நேர்மை! வேளச்சேரி ஏரிக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். பள்ளிக்கரணையில் மிச்சம் இருப்பதற்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. சதுப்பு நிலத்தைக் காப்பாற்று என்று ஞாயிற்றுக்கிழமை மனிதச் சங்கிலியில் நிற்போம். திங்கட்கிழமை, மெயின் ரோட்டில் மாடி வேண்டாம் என்று மனு போடுவோம். ரெண்டும் எப்படி சார் ஒத்துப்போகும்? ஊர் மேலே வளரக் கூடாது என்றால் பக்கவாட்டில்தான் வளரும். பக்கவாட்டில் இருப்பது தண்ணீர்.

இன்னொன்று. 2015 டிசம்பரில் மடிப்பாக்கத்திலும் வேளச்சேரியிலும் தரைத்தளம் மூழ்கியபோது ஜனங்கள் எங்கே போய் ஏறினார்கள்? மாடிக்குத்தானே! மொட்டை மாடி இருந்த வீட்டில்தான் அக்கம்பக்கத்துக்காரர்களும் அண்டினார்கள்.

அடுத்தது, 'டிராஃபிக் தாங்காது' என்கிறார்கள். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் திட்ட மதிப்பு. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் பாதை மடிப்பாக்கம் வழியாகத்தான் திட்டமிடப்பட்டிருக்கிறது. அந்தப் பாதைக்கு நடந்துபோகும் தூரத்தில் ஜனங்கள் குடியிருக்கக் கூடாது, பத்துக் கிலோமீட்டர் தள்ளிக் குடியிருந்து பைக்கில் வந்து அதே மெயின் ரோட்டை அடைக்கவேண்டும் என்றால், அதற்கு எதற்கு இத்தனை கோடி?

மனுவில் எழுதாத குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அது கூட்டத்தில் மெதுவான குரலில் வரும். 'யார் யாரோ வருவாங்க சார்.' பேச்சிலர் பசங்க, வாடகைக்காரர்கள், வெளியூர்க்காரர்கள். நாம் யார்? முப்பது வருஷத்துக்கு முன்னால் வயலை பிளாட் போட்டபோது வந்து இறங்கிய வெளியூர்க்காரர்கள்தானே? அன்று அந்த வயலுக்குச் சங்கம் இல்லை, மனு போடவில்லை. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா எங்கிருந்து வருகிறார் என்று கேட்டுப் பாருங்கள். நகரத்துக் குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் கொண்டுபோய் வைத்தது அரசு. பலருக்குப் பழைய வேலை 20 கிலோமீட்டருக்கு அப்பால். எட்டடுக்கு அவர்களுக்குப் போதும், ஆனால் ஐந்தடுக்கு நமக்கு ஆகாது. என்ன நியாயம் இது?

'அப்போ பில்டருக்கு வக்காலத்தா?' என்று கேட்பீர்கள். அதுதான் இல்லை. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடி சரிந்து 61 பேர் செத்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு வந்த தொழிலாளிகள். அங்கே கொன்றது உயரம் அல்ல. ஒழுங்காகக் கட்டாததும், யாரும் ஒழுங்காகப் பார்க்காததும். விதியை மீறியவனுக்கு நம் ஊரில் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதானே. பணம் கட்டினால் மன்னிப்பு என்று 1999-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. ஒரு தடவை என்றார்கள். கெடு நீண்டது, மறுபடி நீண்டது. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புச் சட்டங்களை ரத்து செய்தது. 2012-ல் வேறு பிரிவின் கீழ் மறுபடியும் ஒரு மன்னிப்பு! ஆட்சிகள் மாறின, இந்தப் பழக்கம் மாறவில்லை. அதனால் பில்டரை நம்புங்கள் என்று சொல்லவே மாட்டேன். ஒவ்வொரு அடியாக அளந்து பாருங்கள் என்கிறேன்.

அரசை இன்னும் அதிகமாக அளக்கவேண்டும். மடிப்பாக்கத்தை 2011-ல் மாநகராட்சியில் சேர்த்தார்கள். வரியை மாநகராட்சி வாங்கியது. பாதாளச் சாக்கடை? பத்து வருஷம் கழிந்தும் கழிவுநீர் லாரியைத்தான் ஜனங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் அனுமதி கொடுக்கும்போது அரசு சும்மா கொடுப்பதில்லை. கட்டடத்தின் வகையையும் அளவையும் பொறுத்து வளர்ச்சிக் கட்டணம், உட்கட்டமைப்பு வசதிக் கட்டணம் என்று பல பெயரில் வாங்குகிறது. கூடுதல் சதுர அடி வேண்டுமா, அதையும் 'பிரீமியம்' என்று விலைக்கு விற்கிறது. ஆகாயத்தையே அடி அடியாக விற்கிற வியாபாரம் இது. உட்கட்டமைப்புப் பணத்துக்கு மாநில அளவில் ஒரு நிதி. உங்கள் மெயின் ரோட்டில் வசூலித்த ரூபாய் உங்கள் மெயின் ரோட்டுக்கே திரும்பி வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. மாடி இங்கே, லாரி இங்கே, நாற்றம் இங்கே. காசு மட்டும் வேறெங்கோ!

பூங்கா விஷயமும் அப்படித்தான். 3,000 சதுர மீட்டருக்குக் குறைவான மனையில், அதாவது சுமார் 13 கிரவுண்டு வரை, திறந்தவெளிக்கென்று இடம் விடத் தேவையில்லை என்பது விதி. மெயின் ரோட்டு மனைகளெல்லாம் ஐந்து, ஆறு கிரவுண்டு. பத்துக் கட்டடம் வரிசையாக வந்தாலும் ஒரு ஊஞ்சல் வராது. இதைப் பற்றி எந்த மனுவிலாவது ஒரு வரி இருக்கிறதா?

அதனால் மனுவைக் கிழிக்கவேண்டாம், திருத்துங்கள். 'அனுமதிக்காதே' என்பதை அடித்துவிட்டு நாலு கேள்வி எழுதுங்கள். இந்தக் கட்டடத்துக்கு அரசு வாங்கிய பணம் எவ்வளவு, அதில் இந்தத் தெருவுக்கு எவ்வளவு? முதல் குடும்பம் பால் காய்ச்சுவதற்கு முன் கழிவுநீர் இணைப்பு வருமா? நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் மின் இணைப்பு கிடையாது என்ற விதியை இங்கே நிஜமாகவே அமல்படுத்துவீர்களா? பக்கவாட்டில் விடவேண்டிய இடத்தையும் கார் நிறுத்தும் ஸ்டில்ட்டையும் நாளைக்குக் கடையாக்கினால் பூட்டப் போவது யார்? வரைபடம் கிடைக்காதே என்று தயங்காதீர்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான திட்டத்தின் விவரங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வாங்குபவர் மட்டும்தான் பார்க்கவேண்டும் என்றில்லை. மிச்சத்துக்கு இருக்கவே இருக்கிறது, தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்தான் செலவு.

'மாடி வேண்டாம்' என்ற மனுவைக் கண்டு எந்த அதிகாரியும் பயப்படமாட்டார். இன்னொரு காகிதம், இன்னொரு ஃபைல். விதிப்படி இருந்தால் அனுமதி கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். 'எங்க காசு எங்கே?' என்று கேட்கும் மனுவுக்கு அவர் பதில் எழுதியாக வேண்டும்.

இப்போது பேனாவைத் திறங்கள்.