கட்டடம் போதும், ஆள் வேண்டும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மட்டுமல்ல, வலிகாமம் முழுவதிலும் குறிச்சிக்கொரு கோயில், குறிச்சிக்கொரு சனசமூக நிலையம் என்பது எழுதாத சட்டம்போல நிலைத்துவிட்டது. நிலையத்தின் சுவரில் திறப்பு விழாக் கல் பதித்திருக்கும். அதில் நன்கொடையாளரின் பெயரும் அவர் இப்போது வாழும் நாட்டின் பெயரும் இருக்கும். உள்ளே பத்திரிகை மேசை, பிளாஸ்ரிக் கதிரைகள், விளையாட்டுக் கழகம் வென்ற கிண்ணங்கள். காலையில் முன்பள்ளி, மாலையில் முற்றத்தில் கரப்பந்தாட்டம், வருடத்துக்கு ஒருமுறை ஆண்டு விழா. மற்ற நேரமெல்லாம் திறப்பு தலைவர் வீட்டிலோ செயலாளர் வீட்டிலோ தொங்கும். போர் முடிந்தபின் இந்தக் கட்டடங்களில் பல புதுப்பொலிவு பெற்றுவிட்டன. மாபிள் தரையும் மேல்மாடியும்கூட வந்துவிட்டன. ஆனால் ஒரு குடும்பம் தன் சிக்கலோடு வந்து அந்தக் கதிரையில் அமர்ந்தால், அதைக் கேட்கவும் அடுத்து எங்கே போவது என்று சொல்லவும் அங்கே ஆளில்லை. இனி வரும் பணத்தில் ஒரு பங்கையாவது கட்டடத்திலிருந்து ஆளின் பக்கம் திருப்ப வேண்டும் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வந்தது.

ஏன் ஆள் வேண்டும்? ஒரு குடும்பத்தின் துன்பம் திணைக்கள வாரியாகப் பிரிந்து வருவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான் என்றால், வலயக் கல்விப் பணிமனைக்கு அது இடைவிலகல். அதற்குக் காரணமான கடன் வங்கியின் விடயம். கடன் பட வைத்த நோய் வைத்தியசாலையின் விடயம். நோயால் வேலையிழந்த தகப்பனுக்குக் கிடைக்க வேண்டிய கொடுப்பனவு பிரதேச செயலகத்தின் விடயம். நாலு வாசல், நாலு படிவம், நாலு வேலைநாள். நாட்கூலிக்குப் போகும் தாய்க்கு ஒவ்வொரு வேலைநாளும் ஒருநாள் சம்பளம். கட்டாயக் கல்வி வயதை 2016 இல் பதினாறாக உயர்த்தினார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு பிள்ளை மூன்று வாரமாக வகுப்பில் இல்லை என்பதை யாரோ கவனித்து, அந்த வீட்டுப் படலையைத் தட்டினால்தான் அந்தச் சட்டத்துக்கு உயிர் வரும். 2023 இல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும வந்தபோது நாடு முழுவதிலுமிருந்து இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. மேன்முறையீடு செய்யத் தெரிந்தவர்கள் செய்தார்கள். தெரியாதவர்கள் எத்தனை பேர் என்பதற்கு எந்தக் கணினியிலும் பதிவு இருக்காது. அதேபோல, வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பட்ட நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசே பொறுப்பேற்றுத் தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை 2018 இல் வந்தது. கையொப்பம் வைப்பதற்கு முன் அந்தக் கடன் ஒப்பந்தத்தை ஒருவர் வாசித்து வட்டியைக் கணக்குப் பார்த்துச் சொல்லியிருந்தால், அவர்களில் எத்தனையோ பேர் அந்த வலையில் விழுந்திருக்க மாட்டார்கள்.

திருநெல்வேலிக்கு இந்தத் தேவை மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகவே உண்டு. பல்கலைக்கழகம் இங்கே, பெரிய மரக்கறிச் சந்தை இங்கே, நகரமும் போதனா வைத்தியசாலையும் எட்டும் தூரத்தில். அதனால் இது வாடகைக்கு இருப்போரின் ஊராகவும் மாறிவிட்டது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுப்பப்பட்டு, இராணுவத்திடமிருந்து காணி விடுபடும் என்று காத்திருந்தே ஒரு தலைமுறையைக் கழித்தவர்கள், 2009 க்குப் பின் வன்னியிலிருந்து படிப்புக்காகவோ வைத்தியத்துக்காகவோ வந்து தங்கியவர்கள், மலையகத்தில் வேர்கொண்டு இங்கே கூலிக்கு வந்தவர்கள் என்று குடாநாட்டின் வாடகை வீடுகளுக்குப் பல கதைகள். இவர்களுக்கும் நிலையத்துக்கும் இடையில் ஒரு மெல்லிய வேலி இருக்கிறது. நிலையத்தின் அங்கத்துவம் பரம்பரை வீட்டுக்காரரைக் கணக்கில் வைத்து உருவானது. முதலாம் வகுப்பு அனுமதியிலும் அப்படித்தான்: காணி உறுதி, வாக்காளர் இடாப்பு, வருடக்கணக்கான வதிவிடச் சான்று என்று புள்ளிகள் அடுக்கப்படும்போது, வாடகை வீடு மாறி மாறி வாழும் குடும்பத்தின் பிள்ளை காகிதத்திலேயே தோற்றுவிடுகிறது. ஊரில் இருந்தும் ஊராராகாத இந்தக் குடும்பங்களுக்குத்தான் ஒரு பொதுவாசல் எல்லோருக்கும் முன்பாகத் தேவைப்படுகிறது.

இந்தச் சிக்கலுக்கு வேறிடத்தில் கிடைத்த விடை ஒன்றைப் பார்க்கலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், மெக்சிக்கோவிலிருந்தும் மற்ற இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்த குடும்பங்களுக்காக நடந்த ஆங்கில வகுப்பு 1972 இல் பணமில்லாமல் நின்றுபோனது. ஆசிரியர்களும் மாணவர்களும் அவர்களின் குடும்பங்களுமாக, அந்த ஒக்ரோபரில், மூடிக்கிடந்த பீக்கன் ஹில் பாடசாலைக் கட்டடத்துக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டார்கள். சூடேற்றும் வசதியில்லாத அந்தக் கட்டடத்தில் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் இருந்து போராடினார்கள். முடிவில் மாநகரம் வருடத்துக்கு ஒரு டொலர் குத்தகைக்கு அதைக் கொடுத்தது. 'எல் சென்ட்ரோ டி லா ராசா' என்ற அந்த நிலையம் இன்றும் இயங்குகிறது. சிறுவர் பராமரிப்பு, உணவு வழங்கல், முதியோர் நிகழ்ச்சிகள், வீட்டு வாடகைச் சிக்கலுக்கு ஆலோசனை எல்லாம் ஒரே வளவுக்குள். போராட்டத்தை முன்நின்று நடத்திய ரொபேர்ட்டோ மாயெஸ்தாசின் பெயரில் 112 குறைந்த வாடகை வீடுகளை 2016 இல் அந்த வளவிலேயே திறந்தார்கள். நாம் கவனிக்க வேண்டியது இதன் வரிசையை. முதலில் வகுப்பும் அதை நடத்திய ஆட்களும் இருந்தார்கள். அவர்களுக்கு இடம் தேவைப்பட்டபோது வெறும் கட்டடம் ஒன்றைப் பிடித்தார்கள். புதுக்கட்டடம் எழுந்ததோ நாற்பது வருடங்களுக்கு மேல் கழித்து. நாமோ புதுக்கட்டடத்தில் தொடங்குகிறோம், அங்கேயே முடித்தும் விடுகிறோம். இத்தனைக்கும் மாணவரில்லாமல் மூடப்பட்ட பாடசாலைக் கட்டடங்கள் வடக்கிலும் உண்டு.

இந்த வரிசை நமக்குப் புதிதுமல்ல. யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் கட்டடமாகவே நினைத்துப் பழகிவிட்டோம். 1981 இல் அது எரிந்த சாம்பல் நம் நினைவை அப்படி ஆக்கிவிட்டது. ஆனால் அதன் தொடக்கம், 1933 இல் தன் வீட்டில் புத்தகங்களை அடுக்கி வைத்து வாசிக்கக் கொடுத்த கே. எம். செல்லப்பா என்ற தனிமனிதர். அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 புத்தகங்களோடு அது பொது நிறுவனமானது. நாம் அறிந்த கட்டடத்தின் திறப்பு விழா 1959 இல்தான் நடந்தது. திருநெல்வேலியிலேயே இன்னொரு சான்று உண்டு. 'இந்து போட்' இராசரத்தினம் முன்நின்று 1923 இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊரூராகப் பள்ளிக்கூடங்களை எழுப்பியது. அந்தப் பள்ளிகளுக்கு ஆசிரியர் வேண்டுமென்று அது இங்கே ஆசிரிய கலாசாலை வைத்தது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் நடத்தியது. படிப்பையும் பராமரிப்பையும் ஒரே வேலையாகப் பார்த்தது அந்தச் சங்கம். 1960 களின் தொடக்கத்தில் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது படிப்பு அரசிடம் போனது. பராமரிப்பு தனித்துத் தரும காரியமாகச் சுருங்கியது.

இன்னும் நெருக்கமான முன்னுதாரணம் காந்தீயம் என்ற அமைப்பு. தமிழருக்கெதிரான 1977 வன்செயலில் மலையகத்திலிருந்து ஓடிவந்த குடும்பங்களை வவுனியா எல்லைப் பகுதிகளில் குடியமர்த்தியபோது, கட்டடக் கலைஞர் டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் பெரிய மண்டபங்களைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. இளம் பெண்களைப் பயிற்றி ஊர் ஊராக அனுப்பிப் பாலர் பள்ளிகளை நடத்தினார்கள். பள்ளிக்கு வரும் பிள்ளையின் வழியாக அந்த வீட்டின் பசியும் நோயும் தெரிய வந்தன. இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்த வேலை முறிக்கப்பட்டது. அடுத்த வருடம் தமிழ்நாட்டில் எஸ். சி. சந்திரஹாசன் முதலானோர் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் ஏறத்தாழ அதே வழியைப் பிடித்தது: அகதி முகாமுக்குள்ளிருந்தே ஆட்களைத் தெரிந்து பயிற்றி மாலை வகுப்பும் சுகாதார வேலையும் அவர்களிடமே கொடுத்தது. தகரக் கொட்டகையில் வளர்ந்த பிள்ளைகள் பட்டதாரிகளானதற்கு அந்த ஆட்களும் ஒரு காரணம்.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு, அரசாங்கத்தில் இதற்கு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்களே என்பது. உண்மைதான். கிராம அலுவலர், சமுர்த்தி உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர், குடும்பநல உத்தியோகத்தர் என்று பட்டியல் நீளமானது. அவர்களில் மனம்வைத்து உழைப்பவர்கள் பலர். ஆனால் அவர்கள் இருக்கும் நேரமும் கூலிக்குப் போகும் குடும்பம் வேலையில் நிற்கும் நேரமும் ஒன்று. அதைவிட முக்கியமானது, கொடுப்பனவுப் பட்டியலோடு தொடர்புள்ள ஒருவரிடம் மக்கள் முழு உண்மையையும் பேசமாட்டார்கள். மகன் கடையில் வேலை செய்கிறான் என்று சொன்னால் பெயர் வெட்டுப்படுமோ என்ற பயம் இருக்கும். பட்டியலில் பெயர் சேர்க்கவும் வெட்டவும் அதிகாரமில்லாத ஒருவர், மாலை நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை நிலையத்தில் இருந்தால் அந்தப் பயம் அங்கே இருக்காது. உத்தியோகத்தரின் வேலையை அவர் பறிக்கப் போவதுமில்லை. சரியான படிவத்தோடு சரியான வாசலுக்கு ஆளை அனுப்பி அந்த வேலையை இலகுவாக்குவார்.

இரண்டாவது மறுப்புக் கொஞ்சம் கனமானது. சனசமூக நிலையம் சேவையால் வளர்ந்தது, சிரமதானத்தால் நின்றது, சம்பளம் என்று தொடங்கினால் அந்த உணர்வு கெட்டுவிடும் என்கிறார்கள். அந்தச் சேவையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சிரமதானம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போதும். இடைவிலகிய பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப மாதக்கணக்கில் ஒரே ஆள் தொடர வேண்டும். ஓய்வூதியக்காரரும் வேலை தேடும் இளைஞரும் முறை வைத்துச் செய்யும் வேலையாக அதை வைத்திருக்க முடியாது. நம் நிலையங்களில் நாள்தோறும் தவறாமல் நடப்பது முன்பள்ளி. காரணம், அங்கே ஓர் ஆசிரியை சிறிய கொடுப்பனவுக்காவது நியமிக்கப்பட்டிருக்கிறார். எத்தனை பிள்ளைகள் காலையில் சாப்பிடாமல் வருகின்றன, எந்த வீட்டில் சண்டை என்பதெல்லாம் இப்போதே அவருக்குத் தெரியும். அவருக்கு அரைவாசிச் சம்பளத்தைக் கூட்டி, முறையான பயிற்சி கொடுத்து, மாலையிலும் அமர்த்துவதே மிக எளிய தொடக்கம். சேவை என்ற பெயரில் ஒரு பெண்ணின் உழைப்பை அரைவிலைக்கு வாங்குவதை நிறுத்தினால் சேவை உணர்வு கெட்டுவிடாது.

மூன்றாவது மறுப்பைப் பலர் வெளியில் சொல்வதில்லை. ஆனால் அதுதான் உண்மையான தடை. நிலையம் குறிச்சிக்குரியது, குறிச்சி பெரும்பாலும் ஒரு சாதிக்குரியது. நியமிக்கப்படும் ஆளும் 'எங்கட ஆக்களுக்கு' மட்டுமே வேலை செய்வார், அல்லது ஒரு கட்சியின் ஆளாகிவிடுவார் என்பது அது. இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1920 களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனம், சம போசனம் என்று பேசியபோது ஊர் கொந்தளித்தது; பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்ததற்காகப் பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போகவிடாமல் தடுக்கப்பட்டதை இன்றும் நினைவில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஆளை நியமிக்கும் அதிகாரத்தைத் தனி நிலையத்திடம் விடக்கூடாது. அயலில் உள்ள நாலைந்து நிலையங்கள் சமாசமாகச் சேர்ந்து ஒருவரை நியமிக்கட்டும். அவர் நாளுக்கொரு நிலையத்தில் இருக்கட்டும். யார் எந்த நிலையத்துக்கும் போகலாம் என்பது எழுத்தில் இருக்கட்டும். நல்லூர் பிரதேச சபை நிலையங்களைப் பதிவு செய்கிறது. அந்தப் பதிவைப் புதுப்பிக்கும்போது, வாடகைக்கு இருக்கும் குடும்பங்களுக்கும் அங்கத்துவம் உண்டு என்ற ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம். 2023 மார்ச்சில் கலைந்த சபைகளுக்கு 2025 மேயில்தான் மீண்டும் தேர்தல் நடந்து உறுப்பினர்கள் வந்தார்கள். அவர்கள் செலவில்லாமல் செய்யக்கூடிய சீர்திருத்தம் இது.

கடைசியாகப் பணம். வெளிநாட்டுப் பணம் ஒருமுறை வரும், சம்பளம் மாதாமாதம் வேண்டும், இரண்டும் பொருந்தாது என்பார்கள். அது பணத்தின் இயல்பாலல்ல, நாம் கேட்கும் முறையால் வந்தது. உறவுகள் தொலைபேசியில் 'என்ன கட்டித்தர?' என்று கேட்கிறார்கள், நாமும் மேல்மாடி, மதில், வளைவு என்று பதில் சொல்கிறோம். கல்லில் பெயர் வரும் என்பதால் கொடுப்பவருக்கும் திருப்தி. ஆனால் ஒரு மேல்மாடிக்கு ஆகும் தொகையை வங்கியில் நிரந்தர வைப்பாக இட்டால், அதன் வட்டியே ஒருவரின் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தாங்கும். மீதியை நாலு நிலையங்கள் பகிர்ந்துகொள்ளலாம். கொடுத்தவருக்கும் வருடா வருடம் ஒரு கணக்கை அனுப்பலாம்: இத்தனை பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள், இத்தனை மேன்முறையீடுகள் வென்றன, இத்தனை கடன் ஒப்பந்தங்கள் வாசித்துப் பார்த்தபின் கைவிடப்பட்டன. வட்டி வீதம் ஏறி இறங்கும். ஆள் தவறாக அமைந்துவிடவும் கூடும். தவறான ஆளை மாற்றலாம். ஆளே வராத மேல்மாடியை என்ன செய்வது? ஆகவே இந்த வருடப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது, கட்டட நிதிக்குப் பக்கத்தில் 'பணியாளர் நிதி' என்று இன்னொரு வரியைச் சேர்க்கும்படி ஓர் அங்கத்தவர் எழுந்து கேட்க வேண்டும். அடுத்த தடவை ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ 'என்ன கட்டித்தர?' என்ற கேள்வி வந்தால், அந்த வரியைக் காட்டிப் பதில் சொல்லலாம்.