கடலிரைச்சலும் நிலத்தின் அகமும்

நிலத்தின் மேற்புறத்தை அடியடியாக அளந்தறிந்த மக்கள் அதன் உள்ளிடத்தைக் கண்ணாற் கண்டிலர். உருசிய நாட்டுக் கோலா தீபகற்பத்தில் 1970-ஆம் ஆண்டு தோண்டத் தொடங்கிய துளை 1989-ல் 12,262 மீட்டர் ஆழத்தை எட்டிற்று. அதற்கப்பாற் செல்ல இயலவில்லை. கண்டங்களின் மேலோடோ ஏறத்தாழ 35 முதல் 40 கிலோமீட்டர் தடிப்புடையது. திபெத்தின்கீழ் 70 கிலோமீட்டரளவு. துளையிட்டுக் காண்டல் ஆகாதாகலின், அலைகளைக் கொண்டே காணல் வேண்டும்.

பூகம்பம் நிகழுங்கால் சில அலைகள் பூமியின் உட்புகுந்து செல்லும்; சில மேற்பரப்பை ஒட்டியே படரும். பின்னவற்றுள் ஒருவகையை 1885-ல் ரேலி பிரபுவும், மற்றொருவகையை 1911-ல் லவ் என்பாரும் கணிதத்தால் நிறுவினர். முன்னது நிலத்தை உருட்டுவது. பின்னது பக்கவாட்டில் அசைப்பது. குறுகிய அலை மேலடுக்கை மாத்திரம் தீண்டிச் செல்ல, நீண்ட அலை ஆழ்ந்த அடுக்குகளையும் உடன் அசைத்துச் செல்லும். 10 விநாடிக்கொருமுறை எழும் அலை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஆழத்தையும், 40 விநாடி அலை 50 கிலோமீட்டர் அளவையும் உணரும். ஆழத்துப் பாறை இறுகியதாதலின் நீண்ட அலையே பெரும்பாலும் முந்தி வந்து சேரும். இவ்வேகங்களை ஒப்புநோக்குவார்க்கு இடைவழி நிலத்தின் அமைப்புப் புலனாகும்.

நிற்க. இம்முறைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. எங்கேனும் நடுக்கம் நிகழுமளவும் காத்திருத்தல் வேண்டும். தொலைவினின்று வரும் அலைகளுள் குறுகியவை வழியிலேயே தேய்ந்தொழியும். எனவே, மக்கள் வீடுகட்டி வாழும் மேலடுக்கின் செய்தியே தெளிவுறக் கிடைத்திலது. அஃதன்றியும், கடலலைகளின் மோதலாற் பிறக்கும் மெல்லிய அதிர்வொன்றை எல்லாக் கருவிகளும் ஓயாது பதிந்து வந்தன. அதனை இரைச்சல் எனப் பெயரிட்டுப் பெரும்பாலோர் ஒதுக்கினர். 2005-ல் ஷாப்பிரோ, கம்பில்லோ முதலிய நால்வர் அவ்விரைச்சலையே எடுத்து, கலிபோர்னியாவில் ஈரிரண்டு நிலையங்களின் பதிவுகளை ஒப்பிட்டனர். இரண்டிற்கும் பொதுவாய் நின்ற பகுதி, ஒன்றினின்று மற்றொன்றிற்குச் சென்ற அலைபோல் வெளிப்பட்டது! சியரா நெவாடாவின் கருங்கற்பாறையில் அது விரைந்தும், மத்தியப் பள்ளத்தாக்கின் வண்டலில் தளர்ந்தும் சென்றமை படமாயிற்று.

இலக்கியம் பயிலும் எமக்கு இதிலென்ன வேலையென நகைப்பாருளர். 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ல் மெக்சிகோ நகரம் பட்டதை அவர்கள் எண்ணுக. நடுக்கம் பிறந்தது 350 கிலோமீட்டருக்கு அப்பால். ஆயினும், பழைய ஏரியின் களிமண்மேல் எழுந்த பகுதியில் அலைகள் பெருகி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இறுகிய நிலத்து வீடுகள் பெரும்பாலும் நின்றன. அங்கே ஏரி இருந்ததைச் சரித்திரமேனும் சொல்லிற்று. சரித்திரம் அறியாத படுகைகளை யார் சொல்வார்? ‘பூகம்பம் வரும் நாளை உரைக்கமாட்டாத கலையால் யாது பயன்?’ என்பார் கூற்றை யாம் ஒப்பவில்லை. நாள் தெரியாதெனினும் மிக ஆடும் இடம் தெரியும். வீடு கட்டுவோனுக்கு வேண்டுவது இடமே. சான் ஆண்ட்ரியாசுப் பிளவை அடுத்து நிறுத்திய கருவிகளின் இரைச்சலைக் கொண்டே, இன்னும் நிகழாத பூகம்பத்தின் அலை லாஸ் ஏஞ்சல்சுப் படுகையில் எங்ஙனம் பெருகும் என்பதை 2014-ல் கணித்துக் காட்டினர். ஊர் இடிந்தபின் கற்கும் பாடத்தினும் இது நன்றென்பதே எம் துணிபு.

எனினும் இப்படத்தை நிழற்படமென்று கொள்ளலாகாது. சிதைந்த ஏட்டின் ஒரு வரிக்குப் பல பாடங்கள் பொருந்துமாறு போல, ஒரே வேகக் கணக்கிற்குப் பல அடுக்கமைப்புகள் பொருந்தும். பதிப்பாசிரியர் பிற பிரதிகளை நாடுவர்; இவர்கள் ஈர்ப்பளவையும் ஊடுருவும் அலைகளையும் நாடுவர். அவையனைத்தும் ஓரிடத்தே வண்டல் ஆழமென்று ஒருமுகமாய்க் கூறுமாயின், அவ்விடத்துப் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் வலுப்படுத்த அடுத்த நடுக்கத்தை எதிர்பார்த்திருக்க வேண்டுவதில்லை.