விலைக்கழிவின் விலை

2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது, குடாநாட்டு மக்கள் சீனிக்கும் மாவுக்கும் சங்கக்கடை வாசல்களில் காத்து நின்றனர். அன்று கையில் பணம் இருந்தும் வாங்கப் பொருள் இருக்கவில்லை. இன்று நிலைமை தலைகீழாகியுள்ளது. 2013இல் ஆஸ்பத்திரி வீதியில் 'கார்கில்ஸ் சதுக்கம்' திறக்கப்பட்டது. பெரிய கடையிலும் கஸ்தூரியார் வீதியிலும் பொருட்கள் குவிந்து கிடக்கின்றன. பற்றாக்குறையாக இருப்பது பணமே.

இந்நிலையில் மக்களை வாங்கத் தூண்டும் உத்திகள் பெருகியிருப்பதில் வியப்பில்லை. வெதுப்பகத்தின் சூடான பாண் மணம் பசியில்லாதவரையும் நிறுத்துகின்றது. குளிரூட்டிய புடைவைக் கடையின் நறுமணம் உள்ளே சென்றவரை எளிதில் வெளியே விடுவதில்லை. இனிய மணம் கமழும் கடையையும் அதிலுள்ள பொருட்களையும் மக்கள் உயர்வாக மதிப்பிடுகின்றனர் என்பதை 1996இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. எனினும், பாண் மணத்தில் பொய் இல்லை; அங்கே பாண் உண்டு.

விலைக்கழிவின் கதை வேறு. 3,000 ரூபா என்பதை வெட்டி 2,100 ரூபா என்று எழுதினால், 900 ரூபா மிச்சம் பிடித்ததாக மனம் மகிழ்கின்றது. 2,100 ரூபா செலவானது மறந்து போகின்றது. ஆனால், அப்பொருள் என்றாவது 3,000 ரூபாவுக்கு விற்கப்பட்டதா? இக்கேள்விக்கு விடை கூற இன்று எம்மில் எவராலும் முடியாது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. நியாய விலை எது என்ற நினைவையே அக்காலம் அழித்துவிட்டது. நினைவிழந்த சந்தையில் வெட்டப்பட்ட எந்த விலையும் உண்மை போலவே தோன்றும்.

தீபாவளியும் பெருநாளும் நெருங்குகையில் இதன் பாரம் வறிய குடும்பங்களையே அழுத்துகின்றது. பிள்ளைகளின் புத்தாடைக்காக நகையை அடைவு வைப்போரும் நுண்கடன் பெறுவோரும், கழிவில் 'மிச்சம்' பிடித்த தொகையை விட அதிகமாக வட்டி செலுத்த நேரிடலாம்.

வணிகர் அனைவரையும் குறை கூறுவது எமது நோக்கமன்று. தேங்கிய சரக்கைக் குறைந்த விலைக்கு விற்பது நேர்மையான வழக்கமே. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்றார் வள்ளுவர். அளவையில் மோசடி செய்வோரைத் திருக்குர்ஆன் வன்மையாகக் கண்டிக்கின்றது. பொய்யான முன்விலையும் ஒருவகைக் கள்ள அளவையே.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வணிக நடத்தையைத் தடை செய்கின்றது. பண்டிகைக் கால மலிவு விற்பனைகளில் முன்விலைக்கான பற்றுச்சீட்டுகளை அதிகாரிகள் பரிசோதிக்க வேண்டும். மக்களும் சந்தேகம் எழுமிடத்து 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடத் தயங்கலாகாது.

கடைக்குப் புறப்படுமுன் தேவையானவற்றைத் தாளில் எழுதிச் செல்வதும், சென்ற மாத விலையைக் குறித்து வைப்பதும் சிறிய காரியங்களே. ஆயினும், இழந்த விலை நினைவை மீட்க எமக்குள்ள வழி அதுவே.